தினமும் சாவி கொடுக்கும் வாட்ச் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் லேத் பட்டறை நடத்துகிறேன். வருகிற மார்கழியில் ஐம்பது வயது முடிகிறது. இதுவரை எனக்கென்று எதுவும் வாங்கிக்கொண்டதில்லை. ஒரு நல்ல வாட்ச் வாங்க ஆசை. மகன் ரோலக்ஸ் டேடோனாதான் வாங்க வேண்டும், விற்றாலும் விலை போகும் என்கிறான். எனக்கு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மேல் கண். ஆனால் அதற்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டுமாமே? எதை வாங்கட்டும்?

பதில்: ஸ்பீட்மாஸ்டரை வாங்குங்கள். நாற்பது வருடமாக வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவன், யோசித்துத்தான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மகன் பக்கத்து நியாயம். இயந்திரமாகப் பார்த்தால் டேடோனா ஒரு படி மேல். இரண்டுமே கார் பந்தயத்துக்கென்று பிறந்த ஸ்டாப் வாட்சுகள். ஸ்பீட்மாஸ்டர் 1957, டேடோனா 1963. ஸ்பீட்மாஸ்டரில் பட்டனை அழுத்தியதும் ஒரு பல்சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து இன்னொன்றின் பல்லில் போய்ச் சேரும். பல்லோடு பல் சரியாகப் பொருந்தாத நேரத்தில் முள் லேசாகத் துள்ளும். டேடோனாவில் காரின் கிளட்ச் தட்டு மாதிரி மேலும் கீழுமாகப் பிடிக்கும் அமைப்பு. முள் வழுக்கிக்கொண்டு கிளம்பும். பல்சக்கரம் வெட்டுகிற உங்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அது ஆட்டோமேட்டிக்கும்கூட, கழற்றி வைத்தாலும் 72 மணி நேரம் ஓடும். 100 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும். ஸ்பீட்மாஸ்டர் தாங்குவது 50 மீட்டர்தான்.

சரி, அப்புறம் ஏன் ஸ்பீட்மாஸ்டர்? டேடோனாவைக் கடை விலைக்கு வாங்குவது லேசில்லை. பெயரைக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வெளியில் உடனே கிடைக்கும், ஆனால் கடை விலையைவிட மிக அதிகம் கொடுக்க வேண்டும். அப்படி வாங்கியதை யாரும் நிம்மதியாகக் கட்டுவதில்லை. கீறல் விழுமோ என்று லாக்கரில் வைத்துவிட்டு, என்னிடம் வேறு வாட்சுக்கு பேட்டரி மாற்ற வருகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. ஐம்பது வயதில் ஆசைப்பட்டு வாங்குவது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மகனுக்கு இதையும் சொல்லுங்கள். 1965-இல் நாசா சில கம்பெனி வாட்சுகளைச் சூட்டிலும் குளிரிலும் அதிர்விலும் போட்டுச் சோதித்தது. ரோலக்ஸும் அதில் இருந்தது. தேறியது ஸ்பீட்மாஸ்டர் ஒன்றுதான். 1970-இல் அப்பல்லோ 13 நடுவழியில் பழுதானபோது, மின்சாரத்தை மிச்சம்பிடிக்கக் கருவிகளை அணைத்துவிட்டு, இன்ஜினை 14 விநாடி எரித்துப் பாதையைத் திருத்தினார்கள். அந்த 14 விநாடியை அளந்தது கையில் இருந்த ஸ்பீட்மாஸ்டர்.

பட்டறைக்கு இன்னொரு விஷயம் முக்கியம். இரும்பைக் காந்தத்தால் பிடிக்கும் மேக்னெட்டிக் சக் பக்கம் போனால் சாதாரண வாட்ச் காந்தம் ஏறி வேகமாக ஓட ஆரம்பிக்கும். 2021-இல் வந்த புது ஸ்பீட்மாஸ்டர் 15,000 காஸ் (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) வரை தாங்கும்.

சாவி கொடுப்பதைப் பாரமாக நினைக்காதீர்கள். என் அப்பா காலையில் காபி வருவதற்குள் தன் எச்.எம்.டி. ஜனதாவுக்குச் சாவி கொடுத்துவிடுவார். அந்தக் கிர் கிர் சத்தம் கேட்டுத்தான் எங்களுக்கு விடியும். கையில் கட்டியபடி சாவி கொடுக்காதீர்கள், தண்டு ஒரு பக்கமாக இழுபடும். கழற்றி வைத்து, தடுக்கும் வரை நிதானமாகத் திருகுங்கள். ஒருமுறை கொடுத்தால் 50 மணி நேரம் ஓடும், ஒருநாள் மறந்தாலும் நிற்காது.

ஸ்பீட்மாஸ்டரில் இரண்டு மாடல் உண்டு. சஃபையர் மாடலில் பின்பக்கமும் கண்ணாடி, உள்ளே மெஷின் ஓடுவது தெரியும். உங்களுக்கு அதில்தான் ஆசை போகும், தெரியும். இருந்தாலும் ஹெசலைட் மாடலைப் பாருங்கள். அதன் முன்பக்கக் கண்ணாடி ஒருவகை பிளாஸ்டிக். கீறல் விழும்தான், ஆனால் பாலிஷ் போட்டுத் துடைத்தால் போய்விடும். அடிபட்டாலும் தூள் தூளாகச் சிதறாது. விலையும் குறைவு.

இரண்டு கம்பெனியும் ஐந்து வருட வாரண்டி தருகின்றன. கார்டில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: எந்த வாட்சாக இருந்தாலும், லேத் முன்னால் நிற்கும்போது கையில் வேண்டாம். சுற்றுகிற சக்கில் செயின் மாட்டினால் போவது கை. மேஜை டிராயரில் ஒரு துணி விரித்து அதற்கென்று இடம் ஒதுக்குங்கள். மெஷினை நிறுத்திய பிறகு எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.