கையில் இரண்டு எட்டு: ரெய்ஸா, ட்ராப்பா?

கேள்வி: அண்ணாச்சி, குலசேகரம் பக்கம் இருக்கேன். ரப்பர் வெட்டுதான் தொழில். மழை பெய்து வெட்டு இல்லாத நாள்ல நாங்க ஆறு பேர் உட்கார்ந்து லிமிட் ஹோல்டெம் ஆடுவோம். ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில, எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு நடுவுல, ஏத்தற அளவுக்கு வரம்பு வச்ச போக்கர். கப்பல்ல வேலை பார்த்துட்டு வந்த கூட்டாளி ஒருத்தன் சொல்லித் தந்தது. பணம் கிடையாது, வெறும் பிளாஸ்டிக் காயின். 10–20 கணக்கு, அதாவது முதல்ல பத்துப் பத்தா, அப்புறம் இருபது இருபதா ஏறும். போன வாரம் எட்டு ஜோடி ரெண்டு தடவை வந்தது. முதல் தடவை எனக்கு முன்னாடி ரெண்டு பேர் 10 வச்சிருந்தாங்க. நான் ரெய்ஸ் அடிச்சேன். டீலர் இடத்துக்காரன் போயிட்டான், சீட்டுப் பார்க்குமுன்னேயே கட்டாயமா 5, 10 வைக்கிற பிளைண்ட் ரெண்டு பேரும் உள்ளே வந்தாங்க. நடுவுல ராஜா, ஜாக்கி, நாலு விழுந்தது. நான் வச்சேன், ஒருத்தன் ரெய்ஸ் அடிச்சான், மத்தவங்க விலகிட்டாங்க. விடாம கடைசி வரை போய்த் தோத்தேன். அந்தப் பயத்துல அடுத்த தடவை பெரிய பிளைண்ட்ல இருந்துகிட்டு, டீலர் இடத்துக்காரன் ஒரு ரெய்ஸ் அடிச்சதுமே எட்டைக் கீழே போட்டுட்டேன். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து ஜோடியெல்லாம் எப்படித்தான் ஆடணும்?

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம்தான் நினைவுக்கு வந்தது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துத் திண்ணைகளில் சீட்டுப் பிடிக்கப் பழகியவர்களுக்கு ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏசுக்கும் பத்துக்கும் 1 என்பது ரத்தத்தில் ஊறிய கணக்கு. அங்கே ஒன்பது, ராஜாவையே வெட்டும். அந்தக் கண்ணோடு ஹோல்டெமில் ஒன்பது ஜோடியைப் பார்த்தால் புதையல் கிடைத்த மாதிரிதான் இருக்கும். இங்கே ஒன்பதுக்கு மேல் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என்று ஐந்து பேர் நிற்கிறார்கள்.

அதன் விளைவு என்ன? கையில் எட்டு ஜோடி இருந்தால், நூறு ஃப்ளாப்பில் (நடுவில் முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டு) சுமார் 87 தடவை எட்டுக்கு மேற்பட்ட சீட்டு ஒன்றாவது விழும். ஏழு ஜோடிக்கு 92, ஒன்பதுக்கு 79, பத்துக்கு 69 தடவை. மூன்றாவது எட்டு வந்து செட் அமைவது நூற்றுக்குப் பன்னிரண்டு தடவைகூட இல்லை. ஏழரைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது பெரும்பாலான நேரம் செட்டும் இருக்காது, நிம்மதியும் இருக்காது.

அப்படியானால் எட்டு ஜோடி நல்ல கையா, மோசமான கையா? எதிரே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே ஆள் என்றால் அது ஏற்கெனவே அமைந்த கை. நாலு பேர் என்றால் அது லாட்டரிச் சீட்டு. மலிவாகக் கிடைத்தால் மட்டுமே வாங்கலாம்.

முதலில் ஒற்றை ஆள் கணக்கு. எதிராளி கையில் என்ன இருக்கிறது என்றே தெரியாவிட்டால், எட்டு ஜோடி நூற்றுக்கு 69 தடவை ஜெயிக்கும். அவரிடம் ஏஸும் ராஜாவும் இருந்தால்கூட 55 தடவை உங்களுக்குத்தான். பெரிய ஜோடி இருந்தால் மட்டுமே ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆகவே உங்களுக்கு முன்னால் எல்லோரும் ட்ராப் செய்திருந்தால் வெறும் 10 வைத்து உள்ளே போகாதீர்கள், ரெய்ஸ் அடியுங்கள். பிளைண்ட் இருவரும் போய்விட்டால் லாபம். பெரிய பிளைண்ட் மட்டும் வந்தால் நடுவில் 45 காயின் கிடக்கும். ஃப்ளாப்பில் ஏஸ் விழுந்தாலும் 10 வையுங்கள். ஜோடி இல்லாத கை மூன்று ஃப்ளாப்பில் இரண்டில் எதிலும் ஒட்டாது. உங்கள் 10-க்கு அவர் ஐந்தரைத் தடவையில் ஒரு தடவை விலகினாலே கணக்கு நேராகிவிடும்.

2015 ஜனவரியில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், இரண்டு பேர் ஆடும் லிமிட் ஹோல்டெமை ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தார்கள். செஃபியஸ் என்று அந்த நிரலுக்குப் பெயர். டீலர் இடத்தில் இருக்கும்போது அது முதல் வாய்ப்பில் ஒன்று ரெய்ஸ் அடிக்கும், இல்லை ட்ராப் செய்யும். ஏற்றாமல் வெறுமனே கால் செய்வது, அதாவது கேட்ட அளவை மட்டும் வைப்பது, மிக மிக அரிது. ஆறு பேர் ஆட்டத்துக்கு அப்படி யாரும் தீர்வு எழுதித் தரவில்லை. ஆனால் நால்வர் விலகியபின் மிச்சம் இருப்பது இரண்டு பேர் ஆட்டம்தானே.

இனி கூட்டம். இங்கேதான் யூடியூப் பார்த்து ஆடுகிறவர்கள் வழுக்குகிறார்கள். அந்தப் பாடங்களில் பெரும்பாலானவை நோ லிமிட் ஆட்டத்துக்கு. அங்கே செட் அமைந்தால் எதிராளியின் மொத்தக் காயினையும் ஒரே ஆட்டத்தில் சுருட்டலாம். உங்கள் 10–20 ஆட்டத்தில் ஃப்ளாப் வரை பத்துப் பத்தாகவும், நாலாவது சீட்டான டர்னிலும் கடைசிச் சீட்டான ரிவரிலும் இருபது இருபதாகவும்தான் ஏறும். செட்டுக்குக் கிடைக்கும் கூலிக்கு உச்சவரம்பு உண்டு. போட்டுப் பாருங்கள்: நீங்கள் 10 வைத்து நாலு பேர் கூட வந்தால் நடுவில் அவர்கள் காயின் 40. செட் அமைந்தபின் ஃப்ளாப்பில் இருவரிடம் சேர்த்து இருபது, டர்னில் ஒருவரிடம் இருபது, ரிவரில் இருபது. ஆக 100. செட் ஏழரைக்கு ஒன்று என்பதால் உங்கள் 10-க்குத் தேவை 75. செட்டும் சில நேரம் ஸ்ட்ரெய்ட்டிடமோ (அடுத்தடுத்த ஐந்து சீட்டு) ஃப்ளஷ்ஷிடமோ (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) தோற்கும் என்பதால் மிச்சம் 25 தேவைதான். இதே கணக்கை ஒரே எதிராளிக்குப் போட்டால் 60-ஐத் தாண்டுவதே பாடு. ஒற்றை ஆளுக்கு எதிராகச் செட்டை மட்டும் நம்பி உள்ளே போனால் கட்டாது என்பதற்கு இதுதான் காரணம்.

உங்கள் முதல் ஆட்டத்தில் ரெய்ஸைப் பெரிய குற்றம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது யாரையும் விரட்டவில்லை. ஏற்கெனவே 10 வைத்தவர் இன்னொரு 10-க்கு விலகுவது நம் ஊர் மேஜையில் நடக்காத காரியம். ஏழு, எட்டு, ஒன்பதுக்கு அந்த இடத்தில் நான் 10 மட்டும் வைத்துப் பார்ப்பேன். பத்து ஜோடி என்றால் கூட்டம் இருந்தாலும் ரெய்ஸ்தான். தவறு ஃப்ளாப்பில் தொடங்குகிறது. ராஜா, ஜாக்கி விழுந்திருக்க, நாலு பேரில் ஒருவரிடமாவது அவை இல்லாமலா போகும்? ரெய்ஸ் வந்தபோது நடுவில் 130 காயின். நீங்கள் வைக்க வேண்டியது 10, அதாவது பதின்மூன்றுக்கு ஒன்று. மிச்சமுள்ள 47 சீட்டில் உங்களுக்கு உதவுவது இரண்டே இரண்டு எட்டு: இருபத்திரண்டரைக்கு ஒன்று. ஜெயித்தபின் வரக்கூடியதைச் சேர்த்தாலும் இழுத்துப் பிடித்தால்தான் எட்டும். வராத டர்னுக்குப் பிறகும் விடாமல் போனதற்கு நியாயமே கிடையாது. ஃப்ளாப்புக்குப் பின் மொத்தம் 60 காயின் போயிருக்கும். காயின் வைக்காமல் செக் சொல்லிவிட்டு, யாராவது வைத்ததும் கீழே போட்டிருந்தால் அந்த அறுபதும் உங்களிடமே.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஃப்ளாப்புக்கு முன்பே ஐந்து பேரும் கடைசி ரெய்ஸ் வரை ஏற்றி ஆளுக்கு 40 வைத்திருந்தால் நடுவில் 200 கிடக்கும். அப்போது ஒரு 10 கொடுத்து ஒரே ஒரு சீட்டு பார்க்கலாம். டர்னில் 20 கேட்டால் எழுந்துவிட வேண்டும்.

ஆறு, ஐந்து, இரண்டு என்று எல்லாம் சின்னதாக விழுந்தால்? அபூர்வமாக வரும் அந்த ஃப்ளாப்பில் கஞ்சத்தனம் கூடாது. ஆனால் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். உங்களுக்குச் சற்று முன்னால் இருப்பவர் 10 வைத்தால் உடனே ரெய்ஸ். உங்களுக்குப் பின்னால் ராணியும் பத்தும் வைத்துக்கொண்டு 10-க்கு எட்டிப்பார்க்க இருந்தவர் இப்போது 20 தர வேண்டும்; பலர் தரமாட்டார்கள். எப்போதும் வைக்கிற ஆசாமி கடைசியில் இருந்தால், செக் சொல்லி அவரை வைக்கவிட்டுப் பிறகு ரெய்ஸ் அடியுங்கள். இடையில் மாட்டியவர்கள் எல்லோருக்கும் இரட்டைச் செலவு. லிமிட்டில் ஒரே அடியில் நூறு வைத்து விரட்ட முடியாது. விரட்டுவதற்கு இருக்கும் ஒரே கம்பு இந்த இரட்டிப்புதான்.

முன்னால் ஒருவர் ரெய்ஸ் அடித்திருக்க, நீங்கள் 20 வைத்து வெறுமனே கால் செய்வது எனக்குப் பிடிக்காத ஆட்டம். பின்னால் இருப்பவர்களுக்கு விருந்துக்கு இலை போட்டது மாதிரி. அவர் கண்ட கைக்கெல்லாம் ரெய்ஸ் அடிப்பவர் என்றால் ஒன்பது, பத்தை வைத்து 30-ஆக ஏற்றித் தனியாகப் பிடியுங்கள். ராணி ஜோடிக்குக் குறைந்து வாய் திறக்காதவர் என்றால் ஏழையும் எட்டையும் கீழே போடுவதில் வெட்கமில்லை.

காசு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ரசவடைகூடப் பந்தயம் வேண்டாம். தமிழ்நாட்டின் 2022 சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை நீக்கியது. 2025-இல் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், இணையத்தில் பணம் வைத்து ஆடுவதையே தடை செய்துவிட்டது. அதனால் இந்தக் கணக்கைக் கைப்பேசிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இரண்டாவது ஆட்டம். என்னைக் கேட்டால் பெரிய தவறு அதுதான். டீலர் இடத்திலிருந்து வரும் ரெய்ஸுக்குக் கனமான கை தேவையில்லை. பாதி நேரம் பிளைண்டைத் தட்டிப் பறிக்கத்தான் அடிப்பார்கள். சின்ன பிளைண்டும் விலகிவிட்டால் நடுவில் 35 கிடக்க, நீங்கள் தர வேண்டியது 10 மட்டும். அந்த இடத்தில் எட்டு ஜோடியைக் கீழே போடவே கூடாது. திரும்ப ரெய்ஸ் அடியுங்கள். ஃப்ளாப்பில் எது விழுந்தாலும் முதல் 10-ஐ நீங்களே வையுங்கள். டர்னில் அவர் 40-ஆக ஏற்றினால் மட்டும் அவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏழு ஜோடியாக இருந்தால் நான் வெறும் கால் செய்துவிட்டு ஃப்ளாப் பார்ப்பேன்.