ஒன்றரை வயதுக் குழந்தை பொம்மைகளைத் தொடாமல் சமையலறைப் பாத்திரங்களையே இழுத்துப் போடுகிறது. என்ன பொம்மை வாங்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். இரண்டு மூன்று நாள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். எதை எடுக்கிறது என்பதைவிட, எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கரண்டியைப் பத்து முறை கீழே போட்டால் அது அடம் இல்லை. எப்படி விழுகிறது, என்ன சத்தம் வருகிறது என்று பார்க்கிறது. கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு பொம்மை பஸ்ஸைக் கொடுத்தால் பஸ்ஸும் கீழேதான் போகும். துணிப்பந்து நாலும் ஒரு வாளியும் கொடுங்கள். சாமான்களை அறை அறையாகச் சுமக்கும் குழந்தைக்குக் கைப்பிடி வைத்த துணிப்பை போதும். மூடித் திறக்கும் குழந்தைக்கு ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி மூன்று எவர்சில்வர் டப்பா.

ஊற்றுகிற குழந்தையா? பழைய பெட்ஷீட்டை விரித்து, நடுவில் அகலமான பேசின் வையுங்கள். அரை கிலோ ரவை, ஆழாக்கு, புனல், இரண்டு டம்ளர். பட்டாணி, வேர்க்கடலை, கொண்டைக்கடலை வேண்டவே வேண்டாம். மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும், ஈரம் பட்டால் ஊறிப் பெருக்கும். தண்ணீர் என்றால் இரண்டு அங்குலமே இருந்தாலும் நீங்கள் பக்கத்தை விட்டு நகரக் கூடாது, முடிந்ததும் கொட்டிவிடுங்கள். நடுவில் கையைப் பிடித்து “இப்படி ஊத்து கண்ணா” என்று காட்டாதீர்கள். அதோடு எழுந்து போய்விடும்.

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு சேராமல் தனியாகவே விளையாடினாலும் கவலை வேண்டாம். அருகருகே உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவதை அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932லேயே ஒரு படியாக எழுதிவைத்தார். எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வையுங்கள், பாதிச் சண்டை குறையும்.

பொம்மையே கூடாது என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மரக்கட்டையும் பந்தும் அருமையான பொம்மைகள். அழுத்தினால் தானே பாடும் பொம்மையில்தான் குழந்தை செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதில் பட்டன் பேட்டரி இருந்தால் மூடி ஸ்க்ரூ போட்டதா என்று பாருங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அபார்ட்மென்ட்களில் அழுக்காகிறது என்று மண் தரை முழுக்கக் கல் பதித்துவிடுகிறார்கள். தோண்டுவதற்கு ஒரு பிடி மண் இல்லாத இடத்தை ‘சில்ட்ரன்ஸ் பிளே ஏரியா’ என்று எழுதி வைப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பால்கனியில் ஒரு டப் வைத்து, சலித்துக் கழுவிய ஆற்று மணலைப் பாதி வரை நிரப்புங்கள். எம்-சாண்ட் வேண்டாம், தூசி அதிகம், துகளும் கூர்மை. மணல் வீடு கட்ட, எட்டுக் கப் மணலுக்கு ஒரு கப் தண்ணீர். ராத்திரி மூடி வையுங்கள், இல்லாவிட்டால் பூனை அசிங்கம் பண்ணிவிடும்.