கனரக லாரியின் கியர் பாக்ஸை நாமே இறக்கிச் சரிசெய்ய முடியுமா?

முடியும். நாமக்கல்லில் எங்கள் பத்துச் சக்கர லாரிக்கு நானும் சித்தப்பாவும் செய்திருக்கிறோம். ஐந்து நாள் ஆனது. ஸ்பானர் பிடித்த நேரத்தைவிடக் கழுவிய நேரமும் அளந்த நேரமும்தான் அதிகம்.

நான்கிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது கரகரவென்று உராயும் சத்தம் சில மாதங்களாகவே இருந்தது. ஒருநாள் தருமபுரியிலிருந்து சரக்கோடு வந்து தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது எஞ்சின்தான். அந்தப் பிடி விட்டால் முழுப் பாரமும் பிரேக் டிரம்களின் மேல் விழும். அவை சூடேறினால் பிரேக் பிடிக்காது. எனவே கியர் கழல்கிற வண்டியை ஒரு நடைகூட ஓட்டாதீர்கள்.

ஆனால் உராய்கிறது என்பதற்காக மட்டும் கியர் பாக்ஸை இறக்கிவிடாதீர்கள். எஞ்சினை ஐடிலில் விட்டு, கிளட்ச்சை முழுதாக மிதித்து, பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் உராய்ந்தால் கிளட்ச் சரியாகப் பிரியவில்லை. குறையைக் கிளட்ச்சிலும், அதை மிதிக்க உதவும் பூஸ்டரிலும் தேடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் அடுத்து ஆயிலை வடியுங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிற மசகு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்துகிற இரும்புச் சில்லு வந்தால் பேரிங்கோ பல்லோ போயிருக்கிறது. எங்கள் ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தபோது தங்கத்தூள் கலந்ததுபோல் மின்னியது. கியர் பூட்டுவதற்கு முன் வேகத்தைச் சமமாக்குகிற பித்தளை வளையமான சிங்க்ரோ ரிங் தேய்ந்த தூள் அது.

இறக்கும் வேலைதான் உயிருக்கு ஆபத்தானது. கியர் பாக்ஸ் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேசிஸைத் தாங்கிகளில் நிறுத்தி, டிரான்ஸ்மிஷன் ஜாக்கியில் சங்கிலி போட்டுக் கட்டிய பிறகே கடைசி போல்ட்டுகளைக் கழற்றினோம். வெளியே இழுக்கும்போது பெட்டியின் பாரம் கிளட்ச்சுக்குள் நுழைந்திருக்கும் இன்புட் ஷாஃப்டில் தொங்கினால் கிளட்ச் பிளேட் வளைந்துவிடும்.

திறந்ததும் மூன்றாவது கியரின் பற்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். கியரை ஷாஃப்ட்டோடு இணைக்கிற ஸ்லீவ் வந்து பூட்டுகிற அந்தச் சிறு பற்களின் முனை கூராக இருக்க வேண்டும்; கூழாங்கல் போல் மழுங்கியிருந்தது. ரிங்கைக் கியரின் கூம்பின் மேல் அழுத்தி, இடைவெளியில் ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை விட்டதில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. புது ரிங்கில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. இந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். ரிங்கை மட்டும் மாற்றிப் பழைய ஸ்லீவையே போட்டால் மறுபடியும் கழலும். ரிங், ஸ்லீவ், கியர், ஸ்லீவைத் தள்ளுகிற தேய்ந்த ஃபோர்க் நான்கையும் மாற்றினோம்.

ஷாஃப்ட்டிலிருந்து பேரிங்கை இழுக்கவும் மறுபடி ஏற்றவும் பிரஸ் தேவை. சுத்தியலால் அடித்தால் புதுப் பேரிங்கும் வீண். அந்த வேலைக்கு மட்டும் கியர்கள் கோத்த மெயின் ஷாஃப்டைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மூடும் நேரத்தில் சித்தப்பா தட்டிலிருந்து சுண்டுவிரல் நுனியளவு பின் ஒன்றை எடுத்துக் காட்டினார். "கண்ணு, இதை மறந்துவிட்டால் இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழும். பெட்டி அப்படியே பூட்டிக்கொள்ளும்" என்றார். கழற்றும்போதே ஒவ்வொன்றையும் வரிசையாகத் துணியில் அடுக்கி, போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஆயில் விஷயத்தில் கடைக்காரர் கொடுத்ததை அப்படியே ஊற்றாதீர்கள். ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தர வகை. பின் அச்சிலுள்ள கிரவுனுக்கு ஊற்றுகிற ஜிஎல்-5 வகை ஆயில்கள் சிலவற்றின் கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கும். கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் அதையே வாங்குங்கள். இன்னொன்று: வண்டி நின்றுபோய்க் கட்டி இழுக்க நேர்ந்தால், கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடாதபோது, ஆயிலை வாரித் தெறிக்கிற லே ஷாஃப்ட் சுழலாது, ஆயில் மேலே தெறிக்காது. மெயின் ஷாஃப்ட் மட்டும் காய்ந்தபடியே சுற்றும். எங்கள் வண்டியை முன்பு ஒருமுறை அதைக் கழற்றாமலே நெடுந்தூரம் இழுத்து வந்திருந்தார்கள். திறந்தபோது மூன்றாவது கியரின் ஊசி பேரிங் நீலம் பாய்ந்து கிடந்தது.

மாட்டியபின் காலி வண்டியாகச் சேலம் வரை ஓட்டிவிட்டு வந்து, மறுபடியும் கொஞ்சம் ஆயிலை வடித்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். மினுமினுப்பு இல்லை. மறுநாள் லோடு ஏற்றினோம்.