ஊட்டி மேட்சுக்கு எப்போது கிளம்புவது?

போன மாதம் இந்தப் பகுதியில் எல் ஆல்டோ கால்பந்து மைதானத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிற அந்த மைதானத்தில், 2025 செப்டம்பரில், பொலிவியா பிரேசிலை 1-0 என்று வென்ற கதை. அவ்வளவுதான், மலை, மூச்சு, பஸ், வாந்தி என்று கடிதமாக வந்து குவிந்துவிட்டது. அதனால் இந்தமுறை மற்ற கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். சினிமா கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: பள்ளிக்கூடப் பையன்களை ஊட்டியில் ஒரு கால்பந்து டோர்னமெண்டுக்குக் கூட்டிப் போகிறேனுங்க. காலை பத்து மணிக்கு முதல் மேட்ச். விடியக்காலையில் வேனில் கிளம்பினால் தங்கும் செலவு மிச்சம். ஆனால் முதல்நாளே போய்ப் படுத்தால் உடம்பு பழகிவிடும் என்கிறார்கள். எது சரிங்க? (உடற்கல்வி ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்)

ப: ஒரே ராத்திரியில் உடம்பு பழகிவிடும் என்பதை முதலில் மறந்துவிடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றில் ஆக்சிஜனின் பங்கு கோபியில் இருக்கிற அதே 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்குத்தான் இருக்கும், அதனால் இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற சரக்கு குறைவு. உடனே மூச்சு வேகமாகும், நாடி ஏறும். சில மணி நேரத்தில் சிறுநீரகம் ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டச் சொல்லி ஒரு ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கும், ஆனால் அந்த அணுக்கள் பிரயோஜனப்படும் அளவுக்கு உருவாகி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால்தான் தென்னமெரிக்காவில் மலை ஊருக்குப் போகும் அணிகள் இரண்டு வாரம் முன்னாலேயே போய்விடுகிறார்கள், இல்லையென்றால் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு போய் இறங்கி, ஆடி முடித்த கையோடு திரும்பி விடுகிறார்கள். நடுவில் நிற்பதுதான் மோசம், ஏனென்றால் முதல் இரண்டு ராத்திரி மேலே தூக்கமே சரியாக வராது.

அப்படியானால் வேனில் விடிகாலை போய்விடலாமே என்று நினைப்பீர்கள். கூடாது என்பேன். ஏனென்றால் அவர்கள் விமானத்தில் போய் இறங்குகிறார்கள், நீங்கள் கல்லாறு தாண்டி வளைவு வளைவாக ஏறப்போகிறீர்கள். நான் கோவையில் கல்லூரியில் படித்தபோது இதே கணக்கைப் போட்டு, மூன்று மணிக்கு எழுந்து, மேட்டுப்பாளையத்தில் வேனை நிறுத்தி ஆளுக்கு மூன்று செட் பூரிக்கிழங்கை உள்ளே தள்ளிக்கொண்டு ஏறினோம். பர்லியார் வருவதற்குள் ஆறு பேர் ஜன்னலோரம். மைதானத்தில் இறங்கியபோது எங்கள் நடு ஆட்டக்காரன் முகம் வெளுத்துப்போய்ப் புல்லின் மேல் படுத்துவிட்டான். 5-0 தோல்வி. ஊருக்கு வந்து எல்லோரிடமும் "காத்தே இல்லீங்க அங்க" என்று சொல்லிக்கொண்டோம். ஆனால் அந்த ஐந்தில் நாலு கோல் முதல் அரைமணியிலேயே விழுந்தது. உயரம் ஆளைச் சாய்ப்பது கடைசி அரைமணியில், ஓடி ஓடிக் களைத்த பிறகு. முதல் அரைமணியில் எங்களைச் சாய்த்தது தூக்கமில்லாத கண்ணும் பூரியும் வேனும்தான்.

எனவே முதல்நாள் காலையிலேயே கிளம்பி மத்தியானத்துக்குள் போய்ச் சேருங்கள். உயரத்துக்குப் பழக அல்ல, வேனை மறக்க. சாயங்காலம் சும்மா நடந்துவிட்டு வரட்டும், கம்பளி எடுத்துவரச் சொல்லுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், குளிரில் தாகமே தெரியாது. ஆட்டத்தில் முதல் இருபது நிமிடம் கால்பந்தைத் துரத்தாமல் பாஸ் செய்து ஆடட்டும், மாற்று வீரர்களைக் கடைசி வரை பொத்தி வைக்க வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. கடைகளில் தொங்குகிற சிப்ஸ் பாக்கெட் ஊட்டிக்குப் போனதும் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கோபியில் காற்றடித்த பந்துக்கும் அதேதான், குளிர் கொஞ்சம் குறைத்தாலும் மொத்தத்தில் இறுக்கம் கூடும். அங்கே போய் ஒருமுறை காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று மெலிந்திருப்பதால் பந்து வேகமும் குறையாது, வளைவதும் குறைவு. உங்கள் கோல்கீப்பருக்குத் தூரத்திலிருந்து பத்து இருபது பந்து அடித்துக் காட்டாமல் ஆட்டத்தில் இறக்காதீர்கள், பாவம்.

கே: அமெரிக்காவில் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் கால்பந்து ஆட்டத்தில் அணிகள் வாராவாரம் ஊர் ஊராகப் பறக்கிறார்களே, அந்த அட்டவணையை எப்படித்தான் சமாளிக்கிறார்கள்? என் மகன் அங்கிருந்து டென்வர் என்கிறான், மைல் ஹை என்கிறான், ஒன்றும் விளங்கவில்லை. (லாரி உரிமையாளர், நாமக்கல்)

ப: உங்களுக்குச் சொல்வது சுலபம். ரிட்டன் லோடு இல்லாமல் வண்டியைத் திருப்ப மாட்டீர்கள் அல்லவா, அவர்களும் அதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள்.

என்எஃப்எல் என்ற அவர்களுடைய பெரிய லீகில் 2021 முதல் ஒரு அணிக்கு 18 வாரத்தில் 17 ஆட்டம். யாரோடு ஆட வேண்டும் என்பது பெரும்பாலும் ஒரு சூத்திரப்படி முன்கூட்டியே முடிவாகிவிடும், எந்த வாரம் என்பதுதான் பிறகு வரும். டென்வர் பிராங்கோஸ் பிரிவில் இருக்கும் கன்சாஸ் சிட்டி, லாஸ் வேகஸ், லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் மூன்று அணிகளும் வருஷம் ஒருமுறை டென்வருக்கு ஏறியே ஆக வேண்டும். டென்வர் 5,280 அடி, அதாவது சரியாக ஒரு மைல், உங்கள் மகன் சொல்லும் 'மைல் ஹை' அதுதான். நம் கணக்கில் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் மேலே, கோத்தகிரியைவிடக் கொஞ்சம் கீழே. அதற்காக யாரும் இரண்டு வாரம் முன்னால் போய்த் தங்குவதில்லை, வாராவாரம் ஆட்டம் இருக்கும்போது எங்கே தங்குவது? முதல்நாள் போய் இறங்கி ஆடிவிட்டு வருவார்கள்.

ரிட்டன் லோடு கதை இது. சான் பிரான்சிஸ்கோ அணிக்கு 2019-ல் முதல் இரண்டு ஆட்டமும் நாட்டின் மறுகோடியில், டாம்பாவிலும் சின்சினாட்டியிலும். நடுவில் வீடு திரும்பாமல் ஒஹையோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்ற ஊரில் வாரம் முழுக்கத் தங்கிப் பயிற்சி செய்தார்கள். இரண்டிலும் ஜெயித்தார்கள். அதே அணி 2022 நவம்பரில் மெக்சிகோ சிட்டியில் ஆட வேண்டியிருந்தபோது, ஒரு வாரம் முன்பே கொலராடோ ஸ்பிரிங்ஸ் போய்விட்டது. அந்த ஊர் சுமார் 1,840 மீட்டர், மெக்சிகோ சிட்டி 2,240. குன்னூரில் தங்கிப் பயிற்சி செய்து ஊட்டியில் போய் ஆடின மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், மீட்டர் கணக்குக்கூட ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. அரிசோனாவை 38-10 என்று வென்றார்கள். எதிரணியும் அதே உயரத்தில்தானே ஆடியது, அவ்வளவும் பயிற்சி முகாமின் பலன் என்று நான் சொல்லமாட்டேன்.

திட்டம் போட்டும் வீணான கதையும் உண்டு. 2018-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸும் அதேபோல மெக்சிகோ ஆட்டத்துக்குக் கொலராடோ போனது. ஆட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, மெக்சிகோ மைதானத்தின் புல்தரை கெட்டுக் கிடக்கிறது என்று ஆட்டத்தையே லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றிவிட்டார்கள். மலைக்குப் போனவர்கள் சொந்த ஊருக்கே இறங்கி வந்து 54-51 என்று ஜெயித்தார்கள். லோடு கேன்சல் ஆன வண்டி மாதிரி.

கே: பொலிவியா 4,000 மீட்டரில் போய் மைதானம் வைத்துக்கொண்டு ஜெயிப்பது அநியாயம் இல்லையா? (பொள்ளாச்சி)

ப: இந்தச் சண்டை பழசு. முன்பெல்லாம் அவர்கள் லா பாஸில் ஆடினார்கள், அது சுமார் 3,600 மீட்டர், தொட்டபெட்டா உச்சியைவிட ஆயிரம் மீட்டர் மேலே. 1993-ல் பிரேசில் அங்கே 2-0 என்று தோற்றது, உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் பிரேசிலின் முதல் தோல்வி அதுதான். 2007 மே மாதம் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டமே கூடாது என்று தடை போட்டது. பொலிவியா அதிபர் ஈவோ மொராலெஸ் கொதித்தெழுந்தார், தடைக்கு எதிராக நடந்த ஒரு காட்சி ஆட்டத்துக்கு மாரடோனாவே லா பாஸ் போய் ஆடினார், 2008 மே மாதம் தடை போனது. அடுத்த வருஷம் ஏப்ரலில் அதே மாரடோனா அர்ஜென்டினாவின் பயிற்சியாளராக லா பாஸ் போனார். 6-1 என்று தோற்றார். அங்கே ஆடலாம் என்று வாதாடினவருக்கு அங்கேயே கிடைத்த மரியாதை.

கணக்கும் இருக்கிறது. 2007-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, தென்னமெரிக்காவில் நூறு வருஷத்தில் நடந்த 1,460 சர்வதேச ஆட்டங்களை எடுத்துப் பார்த்தது. ஒரே உயரத்து அணிகள் மோதினால் சொந்த மண்ணில் ஆடும் அணி ஜெயிக்கிற வாய்ப்பு சுமார் 54 சதவீதம். ரியோவுக்கும் லா பாஸுக்கும் உள்ள அளவு வித்தியாசம் இருந்தால் அது 82-க்கு மேலே போகிறது. அதே ஆய்வு, மலை அணிகளுக்குக் கீழே இறங்கி ஆடினாலும் சாதகம்தான் என்கிறது. ஆனால் பொலிவியாவின் அனுபவம் வேறு. 2024 செப்டம்பரில் சிலியை அவர்கள் மண்ணில் வென்றதுதான், தகுதிச் சுற்றில் 1993-க்குப் பிறகு வெளியூரில் பொலிவியாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி.

என்னைக் கேட்டால் தடை தப்பு. ஏப்ரல் மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு கரூரிலோ ஈரோட்டிலோ ஒரு ஐரோப்பிய அணியை ஓடவிட்டால் எத்தனை பேர் நிற்பார்கள்? வெயிலுக்குத் தடை கிடையாது, குளிருக்குத் தடை கிடையாது, மலைக்கு மட்டும் எதற்கு? அர்ஜென்டினா பிறகு அதே லா பாஸில் 2020-ல் 2-1 என்றும், 2023-ல் மெஸ்ஸி இறங்காமலேயே 3-0 என்றும் ஜெயித்தது.

கே: சென்னை சிட்டி அணி கோவையில் இருந்து ஐ-லீக் கால்பந்துக் கோப்பை வென்ற வருஷம் காஷ்மீர், ஷில்லாங், ஐசால் என்று மலை மலையாய்ப் போனார்களே. அவர்களுக்கு மூச்சு வாங்கவில்லையா? (கோவை, ஆர்.எஸ்.புரம்)

ப: அந்த மூன்று ஊரில் எதுவும் குன்னூர் உயரம்கூடக் கிடையாது. ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர், ஷில்லாங் 1,500 சொச்சம், ஐசால் 1,100 சொச்சம். அங்கே கஷ்டம் மூச்சு இல்லை, போய்ச் சேருவது. விமானம் மாறி மாறிப் போய் லெங்புய்யில் இறங்கி, அப்புறம் மலைப்பாதையில் வண்டி பிடித்து ஐசால் போக வேண்டும். டிசம்பரில் அங்கே நாலரை மணி சுமாருக்கே சூரியன் விழுந்துவிடும். கோவை நேரு ஸ்டேடியத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஆடிப் பழகினவனுக்கு மத்தியானச் சோறு செரிக்காத நேரத்தில் ஆட்டம். ஸ்ரீநகரில் குளிர்.

அந்த 2018-19 சீசனில் 20 ஆட்டம். கடைசி ஆட்டம் 2019 மார்ச் 9, நேரு ஸ்டேடியத்தில், மினர்வா பஞ்சாபுடன். தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கி, இரண்டாம் பாதியில் மூன்று போட்டு, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் தாண்டிக் கோப்பை எடுத்தார்கள். அவர்களுடைய பெட்ரோ மான்சி அந்த வருஷம் 21 கோல். கடைசி ஆட்டம் வீட்டிலேயே அமைந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அன்றைக்கு அங்கே தொண்டை கட்டக் கத்தினவர்களுக்குத் தெரியும்.

கே: மலையில் ஆடினால் உயிருக்கே ஆபத்து வருமா? (மேட்டுப்பாளையம்)

ப: ஆரோக்கியமான பையனுக்கு ஊட்டி உயரத்தில் பயம் வேண்டாம். ஒரு விதிவிலக்கை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன அமெரிக்க என்எஃப்எல் லீகில், பிட்ஸ்பர்க் அணியில் ரையன் கிளார்க் என்று ஒரு வீரர். அவருக்கு அரிவாள் செல் ரத்தசோகையின் மரபணு ஒன்று உண்டு, நோய் கிடையாது, சாதாரணமாக ஒன்றும் தெரியாது. 2007-ல் டென்வரில் ஆடிவிட்டு வந்தவருக்கு உடம்பு படுத்து, மண்ணீரலையும் பித்தப்பையையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. 2012 ஜனவரியில் அதே டென்வரில் நாக்-அவுட் ஆட்டம் வந்தபோது பயிற்சியாளர் மைக் டாம்லின் அவரை இறக்கவே இல்லை. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த மரபணு காணப்படுவது உங்கள் பக்கத்து மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம், ஒரு ரத்தப் பரிசோதனையில் சொல்லிவிடுவார்கள். ஆடும்போது விலா, இடுப்புப் பக்கம் பிடித்து இழுக்கிற வலி வந்தால் "பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடு கண்ணு" என்று சொல்லாமல் உட்கார வையுங்கள்.

கே: ஜெட் லாக்குக்கு மருந்து உண்டா? (திருப்பூர்)

ப: எக்ஸ்போர்ட் ஆட்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா? ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே போவது கஷ்டம், மேற்கே போவது பரவாயில்லை. காலை வெயிலில் நடங்கள்.

கே: 2026 உலகக்கோப்பையின் முதல் ஆட்டத்தை மெக்சிகோ சிட்டியில் வைத்தது மெக்சிகோவுக்குச் சாதகமா? (ஈரோடு)

ப: அஸ்டெகா மைதானம், ஊட்டி உயரம். எந்த ஐரோப்பிய அணி எதிரே வந்திருந்தாலும் ஆமாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். ஆனால் ஜூன் 11-க்கு வந்து வாய்த்தது தென்னாப்பிரிக்கா. அவர்களுடைய ஜோகனஸ்பர்க்கே சுமார் 1,750 மீட்டர், கோத்தகிரிப் பக்கம். 2010-லும் முதல் ஆட்டம் இதே இரண்டு அணி, இதே ஜூன் 11, அப்போது ஜோகனஸ்பர்க்கில், 1-1. மலைக்காரனும் மலைக்காரனும். கோபி வாத்தியார் பையன்களை இந்த இரண்டு ஆட்டத்தையும் பார்க்க வைக்கலாம், பந்து எப்படிப் பறக்கிறது என்று தெரியும்.