சித்தி மகன் ஏன் "தோப்பை விக்காதீங்க" என்றார்?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாப்பாவின் நீட் மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரி கிடைக்காது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும், அதற்காகப் பொள்ளாச்சித் தோப்பை விற்கலாமா என்று யோசிக்கிறீர்கள். இந்த நேரத்தில், கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையில் டாக்டராக இருக்கும் உங்கள் சித்தி மகன், "அக்கா, இதுக்காகத் தோப்பை விக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். நம் பிள்ளை மேலே வருவது அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி நினைக்காதீர்கள் அம்மா. என்னிடம் வரும் இளம் டாக்டர்கள் பலர் இதே மனநிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கசக்கவில்லை, நோயாளியைப் பார்ப்பது இன்னும் பிடித்துத்தான் இருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் இடம்தான் கசந்துவிட்டது.

நம் சிறுவயதில் டாக்டர் என்றால் கீழே கிளினிக், மேலே வீடு, வாசலில் அவர் பெயர்ப் பலகை. இப்போது பெரிய மருத்துவமனைகள் முதலீட்டாளர்களின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. மணிபால் மருத்துவமனைகளின் பெரும்பான்மைப் பங்கை 2023-இல் சிங்கப்பூரின் டெமாசெக் எடுத்தது. அதே ஆண்டு கேர் மருத்துவமனைகளை பிளாக்ஸ்டோன் எடுத்தது. பணம் போட்டவர் லாபத்தோடு திரும்ப எதிர்பார்ப்பார். அந்த எதிர்பார்ப்பு படிப்படியாக இறங்கி ஓபி அறையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரிடம் வந்து நிற்கிறது.

அவர் அங்கே பெரும்பாலும் ஊழியர்கூட இல்லை, 'கன்சல்டன்ட்'. முதல் ஓரிரு வருடம் 'மினிமம் கேரண்டி' என்று ஒரு தொகை, அப்புறம் பார்த்த நோயாளிகளின் கணக்குப்படி பங்கு. தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரி, முன்கூட்டியே பிடிப்பார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி கிடையாது. மாதாந்திரக் கூட்டத்தில் 'கன்வர்ஷன்' பற்றிப் பேசுவார்கள். அதாவது, ஓபிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் அட்மிஷன் ஆனார்கள் என்ற கணக்கு. காய்ச்சலோடு வந்த பையனுக்கு மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பிய ஒரு டாக்டரிடம், "ஒரு நாள் வைத்துப் பார்த்திருக்கலாமே" என்று மார்க்கெட்டிங் மேலாளர் கேட்டாராம். என்னிடம் அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. தேவையில்லாத பரிசோதனை எழுதினால் நடவடிக்கை யார் மீது வரும்? 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் டாக்டரைத்தான் கட்டுப்படுத்தும். மருத்துவமனைகள் மீது மருத்துவக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. பதிவு எண் பறிபோனால் அது டாக்டருடையது, இலக்கு வைத்த மேலாளருக்கு அப்படி ஒரு எண்ணே கிடையாது. பில்லைப் பார்த்துக் கொதிக்கும் குடும்பமும் கண்ணெதிரே நிற்கும் டாக்டரைத்தான் திட்டும்.

சங்கம் இல்லையா என்று கேட்பீர்கள். இந்திய மருத்துவ சங்கம் 1928-இலிருந்து இருக்கிறது. 2019-இல் தேசிய மருத்துவ ஆணைய மசோதாவை எதிர்த்து நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தது. மசோதா சட்டமானது. டாக்டர்கள் பெருமளவு வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பழைய கவுன்சில் போய், பெரும்பாலும் நியமன உறுப்பினர்கள் கொண்ட ஆணையம் 2020 செப்டம்பரில் வந்தது. பழைய கவுன்சில் மீது ஊழல் புகார்கள் இருந்தது உண்மைதான். ஆனாலும் லட்சக்கணக்கான பேர் இருக்கும் ஒரு தொழிலின் குரல் அவ்வளவு எளிதாக அமுங்கிப்போனது. நான் பார்த்த வரை காரணம் இதுதான்: நர்சிங் ஹோம் வைத்திருப்பவரும் அங்கே இரவு முழுக்க விழித்திருக்கும் டூட்டி டாக்டரும் ஒரே சங்கத்தில் இருக்கிறார்கள். டூட்டி டாக்டரின் சம்பளத்தை யார் பேசுவது?

இப்போது தோப்புக்கு வருகிறேன். நிகர்நிலையில் கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, மேற்படிப்பு மூன்று, சிறப்புப் பிரிவு என்றால் இன்னும் மூன்று. பாப்பாவுக்கு முப்பது வயதாகிவிடும். தோப்பு போய், கடனும் சேர்ந்து வேலைக்குப் போகிறவளால் அந்த மார்க்கெட்டிங் மேலாளரிடம் "முடியாது" என்று சொல்ல முடியுமா? கடன் இல்லாதவர் வேறு மருத்துவமனைக்கு மாறலாம், சொந்த ஊரில் சின்னதாக கிளினிக் போடலாம். உங்கள் தம்பி சொல்ல வந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் பாப்பா இன்னொரு வருடம் நீட் எழுதட்டும். அரசுக் கல்லூரியில் கிடைத்தால் படித்துவிட்டு, அரசு மருத்துவர்களைத் தேர்ந்தெடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேரலாம். மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் அரசு மருத்துவர்களுக்கு 50 சதவீதம் கொடுக்கத் தமிழ்நாடு 2020-இல் முடிவு செய்தது. எந்தெந்தப் பிரிவு என்பதை அந்தந்த ஆண்டின் சேர்க்கைத் தகவல் குறிப்பேட்டில் பாருங்கள். அரசுப் பணியும் சொர்க்கம் இல்லை. 2019 அக்டோபரில் ஊதியம் கேட்டுப் போராடிய நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இடமாற்றம் செய்தார்கள், உயர் நீதிமன்றம்தான் பிறகு அதை ரத்து செய்தது. ஆனால் அங்கே யாரும் 'கன்வர்ஷன்' கேட்க மாட்டார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைத் தம்பி வீட்டுக்கு அழைத்துப் போங்கள். அவருடைய ஒப்பந்தத்தை அவள் முழுதாகப் படிக்கட்டும், கேட்க வேண்டியதையெல்லாம் கேட்கட்டும். அதற்குப் பிறகும் மருத்துவம்தான் என்றால் திங்கட்கிழமை எனக்கு போன் செய்யுங்கள், ரிப்பீட்டர் வகுப்பு பற்றிப் பேசுவோம். அதுவரை தோப்புக்கு யாரிடமும் அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள்.