டெம்ப்ளேட் ஓடவில்லை என்றால் ரூட் லாகின் எதற்கு?

கேள்வி: எங்கள் டியூஷன் சென்டர் இணையதளத்துக்காக ஒருவர் ஏடபிள்யூஎஸ்ஸில் (அமேசானின் கிளவுட் சேவை) சர்வரை அமைக்கும் கிளவுட்ஃபார்மேஷன் டெம்ப்ளேட் எழுதிக் கொடுத்தார். மும்பை ரீஜியனில் ஏற்றினால் 'ரோல்பேக் கம்ப்ளீட்' என்று நிற்கிறது. ஏடபிள்யூஎஸ் ரூட் லாகின் கேட்கிறார். கொடுக்கலாமா? தோற்ற இந்த முயற்சிக்கும் பணம் பிடிப்பார்களா?

பதில்: கொடுக்கவே கூடாது. முழு அதிகாரமும் கொண்ட ரூட் லாகின் கையில் இருப்பவர் கணக்கின் ஈமெயிலை மாற்றலாம், கணக்கையே மூடலாம். கார்டு உங்களுடையது, பில்லும் உங்களுக்குத்தான் வரும். ஒரு டெம்ப்ளேட்டைத் திருத்த லாகினே தேவையில்லை. அவர் ஃபைலைத் திருத்தி அனுப்பட்டும், நீங்களே ஏற்றுங்கள்.

முதலில் காரணத்தைப் பாருங்கள். டெம்ப்ளேட்டிலிருந்து உருவாகும் தொகுப்பான ஸ்டாக்கைத் திறந்து, ஈவென்ட்ஸ் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். முதலில் தென்படும் 'கிரியேட் ஃபெயில்டு' வரிதான் மூலம், அதற்கு மேலே இருப்பவை அதன் பின்விளைவு. பெரும்பாலும் இமேஜ் ஐடி (சர்வரின் மூல நகலான ஏஎம்ஐயின் எண்) இல்லை என்றுதான் அந்த வரி சொல்லும். ஒரே அமேசான் லினக்ஸுக்கு ஒவ்வொரு ரீஜியனிலும் வேறு ஏஎம்ஐ எண். வர்ஜீனியா ரீஜியனுக்கு எழுதியதை அப்படியே நகலெடுத்து விற்கிறவர்கள் இதை மாற்றுவதில்லை. சர்வருக்குள் நுழையும் சாவியான கீ பேரும் மும்பை ரீஜியனில் இருக்க வேண்டும்.

முதல் முறையே தோற்ற இந்த ஸ்டாக்கை அப்டேட் செய்ய முடியாது. டிலீட் செய்துவிட்டுத்தான் அதே பெயரில் மறுபடி உருவாக்க வேண்டும். 2011-இல் வந்த சேவை, இன்னும் இதைப் பயனர் தலையிலேயே கட்டுகிறது!

ரோல்பேக் என்றால் தோற்றதும் பின்வாங்குவது; அதுவரை உருவானவை நீக்கப்பட்டுவிடும், ஆகவே கட்டணம் தொடராது. ஆனாலும் ஈசி2 (சர்வர்கள்) பக்கத்தில் வால்யூம் (டிஸ்க்), எலாஸ்டிக் ஐபி (நிலையான பொது முகவரி) ஏதும் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 முகவரி ஒன்றுக்கு மணிக்கு 0.005 டாலர், மாதம் சுமார் 3.60 டாலர். சர்வரில் மாட்டாமல் சும்மா கிடந்தாலும் இதே கணக்குதான்.

திருத்திய ஃபைலை ஏற்றும்போது, ஐஏஎம் (கணக்கில் யாருக்கு என்ன அனுமதி என்பதைக் கவனிக்கும் பகுதி) ரிசோர்ஸ் உருவாகலாம் என்று ஒப்புதல் டிக் கேட்டால் நிறுத்துங்கள். ஃபைலுக்குள் ஐஏஎம் யூசரோ ஆக்ஸஸ் கீயோ இருந்தால் அது பின்வாசல். ஒரு இணையதள சர்வருக்கு அது வேண்டியதே இல்லை. சர்வருக்குள் லாகின் செய்யும் 22-ஆம் போர்ட் 0.0.0.0/0-க்கு, அதாவது உலகம் முழுதுக்கும், திறந்திருந்தால் உங்கள் ஐபி/32, அதாவது உங்கள் முகவரிக்கு மட்டும், என்று சுருக்கச் சொல்லுங்கள்.

ஏஎம்ஐ எண்ணுக்குப் பதில், எப்போதும் புதிய இமேஜைத் தேடிப் பிடிக்கும் எஸ்எஸ்எம் பாராமீட்டரை அவர் போடலாம். ரீஜியன் தொல்லை தீரும். ஆனால் இதில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். ஆறு மாதம் கழித்து வேறேதோ சின்ன மாற்றத்துக்காக அப்டேட் கொடுத்தாலும், அதற்குள் புதிய இமேஜ் வந்திருந்தால் சர்வரே மாற்றப்படும். பழையது அழியும், வழக்கமான அமைப்பில் அதன் ரூட் டிஸ்க்கும் சேர்ந்து போகும். மாணவர் விவரம் அந்த டிஸ்க்கில் இருந்தால் அதுவும் போச்சு. டேட்டாபேஸைத் தனி ஈபிஎஸ் வால்யூமில் (சர்வரோடு அழியாத டிஸ்க்) வைத்து, அதற்கு 'டிலீஷன் பாலிசி: ஸ்னாப்ஷாட்' (நீக்கும்முன் நகல் எடு) போடச் சொல்லுங்கள். எந்த அப்டேட்டையும் நேரடியாகக் கொடுக்காமல் முதலில் என்னென்ன மாறும் என்று காட்டும் சேஞ்ச் செட் உருவாக்குங்கள். சர்வருக்கு நேரே 'ரீப்ளேஸ்மென்ட்: ட்ரூ' என்று வந்தால் எக்ஸிக்யூட்டை அழுத்தாதீர்கள்.