ஏழாவது மாடியில் ஒத்தை அடுப்பு

வணக்கம்.

எனக்கு வயது 63. கானாடுகாத்தான் பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் தவறி பதினான்கு மாதம் ஆகிறது. காரியம் முடிந்த அடுத்த வாரமே மகன் என்னைக் கோயம்புத்தூருக்கு அழைத்து வந்துவிட்டான். ஏழாவது மாடி. மகனும் மருமகளும் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். "நீங்க சும்மா உக்காருங்க அயித்தை" என்று ஒரு டம்ளரைக்கூடக் கழுவ விடுவதில்லை. ஆனாலும் விடியற்காலை நாலரைக்கு விழிப்புத் தட்டினால், எந்த ஊரில் படுத்திருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் புரிவதில்லை. ஊர் வீட்டுச் சாவிக்கொத்து இன்னும் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. அவரை நினைத்து அழுவதைவிட வீட்டை நினைத்து அழுவதுதான் அதிகம். அவருக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது. "வருஷத் திதியும் முடிஞ்சிருச்சு, இன்னுமா?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பங்காளிகள் வேறு, வீட்டைக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு எடுத்திருக்கிறார்கள். மனசைத் தேற்றிக்கொள்ள வழி சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள ஆச்சிக்கு,

முதலில் அந்தத் துரோகம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். நம் செட்டிநாட்டுப் பக்கத்து ஆண்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போன காலத்தில், ஒரு கணக்கு, ஒரு தடவை போய்த் திரும்பும் காலம், என்பது மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் பெண்களுக்குத் துணை யார்? வீட்டின் முகப்பும், நடுமுற்றத்து வளவும், இரண்டாங்கட்டும்தான். பிள்ளை பெற்றதும், வற்றல் காயவைத்ததும், கடிதாசிக்குக் காத்திருந்ததும் அந்தச் சுவர்களுக்குள்ளேதான். உங்கள் மாமியாரின் மாமியார் அப்படி வாழ்ந்த வீட்டுக்குத்தான் நீங்கள் வாக்கப்பட்டு வந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் எந்தச் சீமைக்கும் போகாதவராகவே இருக்கட்டும். அவரை நினைத்தால் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? முகப்புத் திண்ணையிலா, பட்டாசாலையிலா? வீட்டை நினைத்து அழுதால் அவருக்கும் சேர்த்துத்தான் அழுகிறீர்கள்.

ஹோம்ஸ், ராஹே என்று இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1967-ல் வாழ்க்கை மாற்றங்களுக்கு ஒரு மதிப்பெண் பட்டியல் போட்டார்கள். வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கு 100. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் 45. வீடு மாறினால் வெறும் 20. வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு அந்த 20 சரியாக இருக்கலாம். நாற்பது வருஷம் விளக்கேற்றிய வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவருக்கு அது போதவே போதாது என்பேன். உங்களுக்கு இரண்டு இழப்பு. ஒன்றுக்குத்தான் பதினாறு நாள் துக்கம் கேட்க ஆள் வந்தார்கள். இன்னொன்றுக்கு யாரும் வரவில்லை, காரில் ஏற்றிக் கூட்டிப்போய்விட்டார்கள். "இன்னுமா" என்று கேட்கிறவர்கள் முதல் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள்.

என் அம்மா விஷயத்தில் நானும் இதே தவறைத்தான் செய்தேன். அப்பச்சி, என் அப்பா, போன இருபதாம் நாள் அம்மாவை மதுரைக்குக் கூட்டி வந்துவிட்டேன். பாசத்தில்தான் செய்தேன். ஒரு நாள் காலை ஐந்து மணிக்குச் சமையலறையில் வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தால் கையில் தீப்பெட்டியோடு அம்மா நிற்கிறார். எங்கள் அடுப்பு திருகினால் தானாகப் பற்றும், அது அவருக்குத் தெரியாது. நாலைந்து குச்சி கிழித்து அணைந்து கிடந்தது. "பத்தவைக்கத் தெரியலடா" என்றார். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு அறுபது இலை போட்டு நின்ற மனுஷி. அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஒத்தை அடுப்பு ஒன்று வாங்கிப் பின்பக்க வராந்தாவில் வைத்தேன். ஊரிலிருந்து அப்பச்சியின் இனிஷியல் வெட்டிய இரண்டு பாத்திரம், அம்மாவுடைய அஞ்சறைப்பெட்டி. ராத்திரிப் பலகாரம் அம்மா பொறுப்பு, அதில் யாரும் தலையிடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா மதுரைக்காரி ஆகிவிடவில்லை. கடைசிவரை "எங்க ஊர்ல" என்றுதான் பேச்சு தொடங்கும். ஆனால் இரண்டாவது மாதம் தெருவில் வந்த காய்காரரிடம் கத்திரிக்காய் விலைக்கு மல்லுக்கு நின்றார். உள்ளே இருந்து அதைக் கேட்டுக்கொண்டு நான் அழுதேன்.

இதற்கு நம்மிடம் பழைய பெயரே இருக்கிறதே ஆச்சி. கல்யாணமானதும் நமக்கு ‘வேறு வைப்பது’ என்று ஒன்று உண்டு. ஒரே கூரைதான். ஆனால் புதுப்புள்ளிக்கு, அதாவது புதுத் தம்பதிக்கு, தனி அடுப்பு, தனி அரிசி, தனிச் செலவு. மாமியார் வீட்டில் விருந்தாளியாக வந்த பெண் அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்காரி ஆவாள். உங்களையும் வேறு வைத்திருப்பார்கள், அந்த நாள் ஞாபகம் இருக்கும். இப்போது ஏழாவது மாடியில் நீங்கள் மறுபடி விருந்தாளியாக இருக்கிறீர்கள். உட்காரவைத்துச் சோறு போடுவது மருமகளின் நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது அடுப்பு. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள், புரிந்துகொள்வார்.

துக்கத்தைப் பற்றி 1999-ல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியது எனக்கு மிகவும் பிடிக்கும். துக்கப்படுகிறவர் ஒரு பக்கம் இழந்ததையே நினைத்து அழுவார், இன்னொரு பக்கம் புதிய அன்றாடத்துக்குள் கைவைப்பார், இரண்டுக்கும் நடுவில் போய்ப்போய் வருவார், அதுதான் இயல்பு என்கிறார்கள். நீங்கள் அழுகிற பக்கத்திலேயே நிற்பது மனசு பலவீனமானதால் வந்தது என்று நினைக்காதீர்கள். போய்வர உங்களுக்கு இன்னொரு பக்கத்தை யாரும் கொடுக்கவில்லை.

வீட்டு விஷயம். விற்பதா வேண்டாமா என்று நான் சொல்ல முடியாது. பங்கு வீடு, பத்துப் பேர் கையெழுத்து. ஆனால் எந்தப் பேச்சுக்கும் முன்னால் நீங்கள் போய் ஒரு வாரம் அங்கே இருக்க வேண்டும் என்று மகனிடம் உறுதியாகச் சொல்லுங்கள். உங்கள் அறையை நீங்களே திறந்து, சாமானை உங்கள் கையால் எடுங்கள். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் யார் வீட்டுத் தூணோ, யார் வீட்டு எனாமல் தூக்கோ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஊரார் கையால் உங்கள் அறை காலியாகக் கூடாது. ஒரு நோட்டில் சிவமயம் போட்டு எழுதுங்கள்: எது மகளுக்கு, எது கோயம்புத்தூருக்கு, எது அங்கேயே. அழுகை வந்தால் எழுதுவதை நிறுத்தி அழுங்கள். அந்த வீட்டுக்காக, அந்த வீட்டில் வைத்து நீங்கள் இன்னும் அழவே இல்லையே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தூக்கம் சுத்தமாகப் போய், சோறு இறங்காமல், இனி இருந்தென்ன என்ற நினைப்பு வந்தால் மறைக்காமல் மகனிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற மனநல உதவிச் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். நடு ராத்திரியிலும் எடுப்பார்கள்.

சாவிக்கொத்து தலையணைக்கு அடியிலேயே இருக்கட்டும். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த பூட்டு, ஒரு மழைக்காலமும் பார்த்துவிட்டது. போனதும் திறக்காது, எண்ணெய் விட்டுக் கொஞ்சநேரம் திண்ணையில் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்.